இரண்டு போட்டவள்

கடலோர ஊரான நூர்விக்காவில் டூரிட்டோடு ஒரு தடவையாவது சண்டை போடாதவர்கள் குறைவு. அவள் யாருக்கும் கெடுதல் செய்தவள் இல்லை. உள்ளூர்ப் பத்திரிகையில் வெள்ளிக்கிழமைதோறும் புதுப்படங்களுக்குத் தீர்ப்பு எழுதுவாள், அவ்வளவுதான். படத்துக்கு நாலைந்து வரி. வரிகளின் ஓரத்தில் ஒரு பகடை அச்சாகியிருக்கும். ஆறு புள்ளி இருந்தால் ஓடிப்போய்ப் பார்க்கலாம். ஒரு புள்ளி என்றால் வீட்டிலேயே இருந்துகொள்ளலாம். வரிகளை வாசிக்கிறவர்களைவிடப் பகடையை எண்ணுகிறவர்கள்தான் ஊரில் அதிகம். மீன் கடையோ தேவாலய வாசலோ, அவளை எங்கே பார்த்தாலும் பிடித்துக்கொள்வார்கள்.

"ஏம்மா, அந்த பிரெஞ்சுப் படத்துக்குப் போய் அஞ்சா? என் பொண்டாட்டி பாதியிலயே தூங்கிட்டா."

"அப்ப நீயாவது நிம்மதியாப் பாத்திருப்பியே" என்பாள் டூரிட்.

இந்த வேலைக்கு அவள் வந்தது சுற்றுவழியில். பத்திரிகையில் முதலில் சேர்ந்தது விளம்பரப் பிரிவில், தொலைபேசியில் மரண அறிவிப்புகளை எழுதிக்கொள்வதற்காக. மறுமுனையில் அழுகிறவர்கள் சொல்வதையெல்லாம் கேட்டு, வேண்டாததைத் தள்ளி, ஒரு மனிதரின் முழு ஆயுளையும் சில வரிகளுக்குள் அடக்கித் திருப்பி வாசித்துக் காட்டுவாள். "ஆமா, அவர் அப்படித்தான்" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒப்புக்கொள்வார்கள். சினிமா எழுதிக்கொண்டிருந்தவர் பெர்கனுக்கு வேலை மாறிப் போனபோது, அலுவலகத்தில் தவறாமல் தியேட்டருக்குப் போகிற ஒரே ஆள் என்று அவளிடம் கொடுத்துப் பார்த்தார்கள். சாவைச் சுருக்கியவளுக்குச் சினிமாவைச் சுருக்குவது சிரமமாக இல்லை.

டென்மார்க்கிலிருந்து வந்த ஒரு படத்துக்கு இப்படி எழுதினாள்: "கணவனும் மனைவியும் பிரிகிறார்கள். படம் முழுக்க மழை. மழை நமக்கு வீட்டிலேயே கிடைக்கிறது. மூன்று." அமெரிக்கப் பூதப் படத்துக்கு: "பூதம் நன்றாக நடித்திருக்கிறது. மற்றவர்கள் அதனிடம் கற்றுக்கொள்ளலாம். நான்கு." வயதான இருவரின் காதல் படம் ஒன்றுக்கு: "எழுபது வயதில் முத்தமிடுகிறார்கள். நல்லவேளை, யாரும் அதை விளக்கவில்லை. கைக்குட்டை வேண்டாம், பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் நல்லது. ஆறு." அந்த ஆறைப் பார்த்துவிட்டு, பல வருஷமாகத் தியேட்டர் பக்கம் வராத கிழவர்களெல்லாம் தலைசீவிக்கொண்டு வந்தார்கள் என்று தியேட்டர்க்கார ஒட்வார் இன்றைக்கும் சொல்வான்.

அவளுடைய முதல் வாசகன் தம்பி ஹால்வோர். படகுத்துறைக்கு மேலே சரிவில் நிற்கிற மஞ்சள் வீட்டில், விவாகரத்துக்குப் பிறகு திரும்பி வந்த அக்காவும் கல்யாணமே செய்துகொள்ளாத தம்பியும் மாடியும் கீழுமாக இருந்தார்கள். ஹால்வோருக்கு அக்கரைக்கு வண்டிகளை ஏற்றிப்போகிற ஃபெர்ரியில் வேலை. கார்களைக் கையசைத்து உள்ளே வரவைப்பான், சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பான், கயிறு போடுவான். ஆறடிக்கு மேல் உடம்பு, கதவு அகல முதுகு. குரல் மட்டும் கீச்சென்று இருக்கும். முதல் தடவை கேட்கிறவர்கள் பின்னால் வேறு யாரோ பேசுகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

அவன் படம் பார்க்கிறவன் இல்லை. "நாளெல்லாம் காருக்குள்ள உக்காந்திருக்கிற மூஞ்சிகளைப் பாத்துட்டு வர்றேன். சாயங்காலமும் இருட்டுல உக்காந்து மூஞ்சி பாக்கணுமா?" என்பான். ஆனால் வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது, ஊரே டாக்கோ ரொட்டியில் கறி வைத்துச் சுருட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில், அவன் ஒரு கையில் டாக்கோவும் மறுகையில் பத்திரிகையுமாக அவளுடைய தீர்ப்புகளைச் சத்தமாக வாசிப்பான். வாசித்து முடித்ததும் மறுப்பான்.

"கப்பல் முங்குற படத்துக்கு ரெண்டா? என்ன நீதிபதியம்மா, ஒரு கப்பல் முங்குறதுன்னா சும்மாவா?"

"நீ படத்தைப் பாத்தியாடா?"

"பாக்கல. ஆனா கப்பலைப் பாத்திருக்கேன். நாலு போடலாம்."

"சட்டையில சாஸ் ஒழுகுது பாரு."

இப்படித்தான் வெள்ளிக்கிழமைகள் போய்க்கொண்டிருந்தன.

ஒரு ஜூன் மாதத்தில் ஓஸ்லோவிலிருந்து சினிமாக்காரர்கள் வந்து இறங்கினார்கள். ஹெடா என்ற இளம் பெண்தான் இயக்குநர். ஊரையும் ஃபெர்ரியையும் வைத்து ஒரு படம். ஊரில் பாதிப்பேர் தெருவில் நடந்து போகிறவர்களாக நடித்தார்கள். ரொட்டிக்கடைக்காரி தன் கடையிலேயே வாடிக்கையாளராக நின்றாள். ஹால்வோருக்கு ஒரு வசனமே கிடைத்தது. கதாநாயகி கார்த்தளத்தின் விளிம்பில் போய் நிற்பாள். அவன் அவளைப் பார்த்து, "அந்தக் கோட்டைத் தாண்டி நிக்காதீங்க, கதவு இறங்கப் போகுது" என்று சொல்ல வேண்டும்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தவன் பூட்ஸைக் கழற்றி மூலையில் எறிந்தான்.

"முப்பது வருஷமா நான் சொல்றதை எனக்கே சொல்லிக்குடுக்குறாங்க டூரிட். மறுபடி, மறுபடின்னு மத்தியானம் வரைக்கும். அந்தப் பொண்ணும் நகர மாட்டேங்குது, கதவும் இறங்க மாட்டேங்குது."

"நடிகர்னா அப்படித்தான்டா."

"வெட்டிடுவாங்க, பாரு. என் குரலைக் கேட்டா சனங்க சிரிக்கும்."

படம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. மறந்தும் போனார்கள்.

அடுத்த பிப்ரவரியில், ஃபெர்ரி ஃபியோர்டுக் கடற்கழியின் நடுவில் போய்க்கொண்டிருந்தபோது, ஹால்வோர் கார்த்தளத்தில் குனிந்தான். கயிறை எடுக்கக் குனிகிறான் என்று பக்கத்துக் காரில் இருந்தவர்கள் நினைத்தார்கள். அவன் நிமிரவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள். ஃபெர்ரியின் கேப்டன் பெர்ன்ட், ஹால்வோரோடு பள்ளிக்கூடத்திலிருந்தே ஒன்றாக இருந்தவர், அக்கரை சேர்ந்ததும் தன் கையாலேயே டூரிட்டுக்குப் போன் போட்டார்.

டூரிட் அப்போது மேசையில் ஒரு துப்பறியும் படத்துக்குத் தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தாள். பெர்ன்ட் சொன்னதைக் கேட்டாள். "சரி" என்றாள். போனை வைத்துவிட்டு, பாதியில் நின்றிருந்த வாக்கியத்தை முடித்தாள். நான்கு என்று போட்டாள். அதற்குப் பிறகுதான் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். அந்த வாக்கியத்தை ஏன் முடித்தோம் என்று அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மரண அறிவிப்பை அவளே எழுதினாள். சிரமமாக இல்லை. தேவாலயத்தில் பெர்ன்ட் விம்மி விம்மி அழுதார். அவருடைய முதுகை டூரிட்தான் தடவிக்கொடுத்தாள். அடக்கம் முடிந்து, கூடத்தில் ரொட்டியும் கேக்கும் காபியுமாக ஊர்க்காரர்கள் ஹால்வோரைப் பற்றிச் சொல்லிச் சொல்லிச் சிரித்தபோது, அவள் காலிக் கோப்பைகளை எடுத்து அடுக்கினாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள், பஸ்ஸுக்குக் காத்திருப்பதுபோல. வரவில்லை. வராத பஸ்ஸுக்காக எவ்வளவு நேரம்தான் நிற்பது? வேலைக்குத் திரும்பினாள்.

சாப்பிட்டாள், தூங்கினாள், குளித்தாள். எல்லாமே நடந்தது. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பதுபோல இருந்தது. கை கன்னத்தில் படுவது தெரிகிறது, கன்னத்துக்குத்தான் தெரியவில்லை.

பகடையில் முதலில் அதைக் கண்டுபிடித்தவன் ஒட்வார். நகராட்சித் தியேட்டரில் டிக்கெட் கிழிப்பது, பாப்கார்ன் பொரிப்பது, படம் ஓட்டுவது எல்லாம் அவன்தான். டூரிட்டோடு ஒரே வகுப்பில் படித்தவன்.

"ஏய், உன் பகடைக்கு என்ன ஆச்சு?" என்றான் ஒரு வியாழக்கிழமை. "மூணு, மூணு, மூணு. ஈஸ்டர்லேருந்து எல்லாத்துக்கும் மூணு."

"அப்படியா?"

"அப்படியாவா? பூனைப் படத்துக்கும் மூணு, போர்ப் படத்துக்கும் மூணு. சனங்க என்னை வந்து கேக்குது, எந்த மூணுக்குப் போறதுன்னு."

டூரிட் யோசித்துப் பார்த்தாள். "எல்லாம் மூணாத்தான் இருந்துச்சு" என்றாள்.

அவன் பாப்கார்ன் டப்பாவை அவள் பக்கம் தள்ளினான்.

அந்த நாட்களில் அவள் எழுதியதை யாராவது எடுத்துப் பார்த்தால் தெரியும். "ஒருவன் மலையேறுகிறான். நடுவில் ஒரு நாய் வருகிறது. இறங்குகிறான். மூன்று." இன்னொன்று: "பாட்டுகள் இருக்கின்றன. மூன்று." பத்திரிகை ஆசிரியர் சில்யே, டூரிட்டின் வயதில் பாதி இருப்பாள், ஒருநாள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"டூரிட், கொஞ்ச நாள் லீவு எடுத்துக்கிறீங்களா?"

"எடுத்து என்ன பண்றது?"

"சும்மா இருக்கலாம்."

"சும்மாதான் இருக்கேன். தியேட்டர்ல உக்காந்து சும்மா இருக்கேன்."

சில்யே சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் எழுந்து போனாள்.

செப்டம்பரில் படம் வந்தது. அதற்கு ஒரு பெயர் இருந்தது. ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. 'நம்ம படம்' என்றார்கள். முதல் காட்சி நூர்விக்காவில்தான் என்று ஹெடாவே பிடிவாதம் பிடித்து வாங்கிக் கொடுத்திருந்தாள். மழையில் ஊறிய சிவப்புக் கம்பளம், மேயரின் கழுத்தில் பதவிச் சங்கிலி, பள்ளிக்கூட பேண்டு வாத்தியம். கம்பளிச் சட்டைக்கு மேல் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு ஆண்கள் நெளிந்தார்கள்.

சில்யே முன்கூட்டியே சொல்லிப் பார்த்தாள். "இதை நீங்க எழுத வேண்டாம். ஓலெசுண்ட் பத்திரிகைக்காரங்க எழுதறதை வாங்கிப் போட்டுக்கலாம். யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

"எதுக்கு? படம்தானே" என்றாள் டூரிட்.

வாசலில் ஹெடா அவளைத் தேடி வந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கண்கள் கலங்கியிருந்தன. "உங்க தம்பி இருக்கிற அந்த ஷாட்தான் எங்களுக்குப் படத்தோட உயிர். அந்த முகத்துல என்ன ஒரு துயரம்! நடிகருக்கு அது வராது."

"நன்றி" என்றாள் டூரிட். வழக்கமாக உட்காரும் ஓர நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

படத்தில் ஒரு பெண் ஓஸ்லோவிலிருந்து அப்பாவின் வீட்டை விற்க வருகிறாள். தெரிந்த முகம் திரையில் வரும்போதெல்லாம் சனங்கள் கைதட்டினார்கள். ரொட்டிக்கடைக்காரிக்கு விசில்கூட விழுந்தது. பிறகு ஃபெர்ரி வந்தது. கார்த்தளம் வந்தது. ஹால்வோர் வந்தான்.

அரங்கில் சத்தம் அடங்கியது. இருட்டில் தலைகள் தன் பக்கம் திரும்புவதை டூரிட் உணர்ந்தாள். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆரஞ்சு மேல்சட்டை. ஜிப் போன அந்தச் சட்டையை மாற்றச் சொல்லி அவள் எத்தனையோ தடவை சொல்லியிருந்தாள். கேமரா அவன் முகத்துக்கு அருகே போனது. பெரிய, சிவந்த, காற்றடித்த முகம். புருவம் சுருங்கியிருந்தது. ஏதோ ஒரு வலியைப் பொறுத்துக்கொள்கிற மாதிரி கண்கள். வாய் திறந்தது.

"அந்தக் கோட்டைத் தாண்டி நிக்காதீங்க. கதவு இறங்கப் போகுது."

ஆழமான, மெதுவான குரல். கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி, சோகம் ததும்பும் குரல். யாரோ ஒரு நடிகனுடையது. அந்தப் பக்கத்துப் பேச்சைப் பழகிக்கொண்டு பேசுகிற வெளியூர்க்காரனுடையது.

பின்வரிசையில் ஒரு பெண் மூக்கைச் சிந்தினாள். படம் முடிந்ததும் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். டூரிட்டும் எழுந்தாள், உட்கார்ந்தே இருந்தால் முன்னால் நிற்பவர்களின் முதுகுதான் தெரியும்.

மறுநாள் காலையில் எழுதிக் கொடுத்தாள்:

"ஒரு பெண் வீட்டை விற்க வருகிறாள். விற்கமாட்டாள் என்பது ஃபெர்ரி கரையை விடுவதற்கு முன்பே நமக்குத் தெரிந்துவிடுகிறது. ஃபியோர்டு அழகாக இருக்கிறது. அதற்குப் படம் பொறுப்பல்ல. இங்கே பேசுகிறவர்கள் யாரும் இங்கே பேசுகிறபடி பேசவில்லை. இரண்டு."

சில்யே அதை நின்றுகொண்டே வாசித்தாள். உட்கார்ந்துகொண்டு இன்னொரு தடவை வாசித்தாள். "கடைசி வரியையாவது எடுத்துடலாமா?"

"எடுக்கலாம். அப்படின்னா பகடையிலயும் ஒரு புள்ளியை எடுத்துடு."

வரி நின்றது.

ஊர் கொந்தளித்தது என்று சொல்லலாம். நூர்விக்காவில் கொந்தளிப்பு சத்தமாக வராது. வணக்கம் சொல்வதை நிறுத்திவிடுவார்கள். மீன் கடையில் அவளுடைய முறை வந்ததும், கடைக்காரர் தராசைத் துடைக்க ஆரம்பித்தார். ரொட்டிக்கடைக்காரி மிச்சக் காசை அவள் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்தாள். பெர்ன்ட் மட்டும்தான் நேராகப் பேசினார். அதுவும் ரொட்டிக்கடை வரிசையில், எல்லோர் முன்னாலும்.

"ஓஸ்லோ பத்திரிகைக்காரனெல்லாம் அஞ்சு போட்டிருக்கான். ஊரே ஆறு போடுது. கூடப்பொறந்தவ ரெண்டு போடறே. உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா டூரிட், இல்ல அதுக்கும் புள்ளிதானா?"

"இருந்ததாத்தான் ஞாபகம்" என்றாள் டூரிட். கிண்டலாகச் சொல்லவில்லை. பெர்ன்ட் வாங்க வந்த ரொட்டியை வாங்காமலே போய்விட்டார்.

ஆனால் யாருக்கும் தெரியாத ஒன்று இருந்தது. தெரிந்தவன் ஒட்வார் மட்டும். டூரிட் அந்தப் படத்துக்கு மறுபடியும் வந்தாள். திங்கட்கிழமை மத்தியானக் காட்சி, முதியோர் இல்லத்துக்காரர்கள் வருகிற காட்சி. ஃபெர்ரிக் கட்டம் முடிந்ததும் எழுந்து போனாள். புதன்கிழமையும் வந்தாள். வெள்ளிக்கிழமையும். அடுத்த வாரமும். ஒவ்வொரு தடவையும் அந்தக் குரல் வரும்போது, கழுத்தில் சட்டைக்குள் தைத்த துணிச்சீட்டு உரசுகிற மாதிரி சின்னதாக ஏதோ ஒன்று உறுத்தியது. வேறு எதுவும் உறுத்தாமல் இருந்த அந்த நாட்களில், அந்த ஒரு உறுத்தலுக்காகத்தான் வந்தாளோ என்னவோ.

ஒட்வார் கடைசியில் கேட்டேவிட்டான். "ரெண்டு போட்ட படத்தை இத்தனை தடவை பாக்கிற ஒரே ஆள் நீதான். ஆறு போட்டவங்ககூட ஒரு தடவையோட நிறுத்திட்டாங்க."

"அது அவன் குரல் இல்ல."

"தெரியும்."

"உனக்குத் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும், டூரிட். காது இருக்கில்ல. அன்னிக்கு ஊரே எழுந்து நின்னு தட்டுறப்போ எவன் சொல்லுவான்?" டிக்கெட் சுருளைச் சுற்றிக்கொண்டே இருந்தான். "நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வா. யாரும் இருக்க மாட்டாங்க. சத்தத்தை நிறுத்திட்டு அந்த இடத்தை மட்டும் போட்டுக் காட்றேன்."

மறுநாள் காலை தியேட்டரில் தரை கழுவிய வாசனை இருந்தது. காலி அரங்கில் டூரிட் நடுவரிசையில் உட்கார்ந்தாள். ஒட்வார் மேலே போய் ஓட்டிவிட்டு, இறங்கி வந்து அவளுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தான். சத்தமில்லாமல் ஃபெர்ரி வந்தது. சத்தமில்லாமல் ஹால்வோர் வந்தான். வாய் அசைந்தது.

டூரிட் அந்த வாய்க்குள் அவனுடைய குரலைப் போட்டுப் பார்த்தாள். வரவில்லை. கீச்சென்று இருக்கும், மூக்கில் கொஞ்சம் பட்டு வரும், கோபம் வந்தால் உடையும். எல்லாவற்றையும் அவளால் சொல்ல முடிந்தது. கேட்கத்தான் முடியவில்லை. எழுபது எண்பது பேருடைய அப்பாக்களையும் அம்மாக்களையும் போனில் கேட்டே எழுதியவள். ஒரே வீட்டில் இருந்தவனின் குரலை எங்கே வைத்தாள் என்று தெரியவில்லை.

"இன்னொரு தடவை போடு."

போட்டான். இந்த முறை ஒட்வார் முன்னால் சாய்ந்தான். "இரு, இரு. அவன் அந்த வசனத்தையே சொல்லலையே. வாயைப் பாரு. 'கோடு'ன்னு சொல்ற வாயா அது?"

உண்மைதான். வசனம் முடிந்திருக்க வேண்டிய நேரத்துக்குப் பிறகும் உதடு ஒரு கணம் அசைந்தது.

"'ஸ்வேலே தீந்துபோச்சு'ங்கிறான்" என்றாள் டூரிட். ஃபெர்ரியில் விற்கிற அப்பத்தில் அவனுக்கு எப்போதும் ஒரு கண்.

"இல்லவே இல்ல. கெட்ட வார்த்தை. முதல் எழுத்தே கெட்ட வார்த்தைதான்."

"என் தம்பி பொம்பளைங்க முன்னாடி கெட்ட வார்த்தை பேச மாட்டான்."

"உன் முன்னாடி பேச மாட்டான்."

மறுபடியும் போட்டுப் பார்த்தார்கள். மறுபடியும். முடிவுக்கு வர முடியவில்லை. மத்தியானக் காட்சிக்கு ஆட்கள் வர ஆரம்பித்ததும் டூரிட் கோட்டை மாட்டிக்கொண்டு பக்கவாசல் வழியாகப் போனாள்.

அந்த வாரக் கடைசியில் பெர்ன்ட் வீட்டு வாசலில் வந்து நின்றார். தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது. கையில் ஒரு பையில் சுத்தம் செய்த காட் மீன். ரொட்டிக்கடை வரிசைக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொள்ளவில்லை.

"ஒட்வார் சொன்னான்" என்றார்.

"உள்ள வாங்க. மழையில நிக்காதீங்க."

சமையலறையில் ஹால்வோரின் நாற்காலியை விட்டுவிட்டு, அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தார். காபி ஊற்றிக் கொடுத்தாள். அவர் கோப்பையைச் சுற்றிச் சுற்றி வைத்தார்.

"அன்னிக்கு அவன் என்ன சொன்னான்னு எனக்குத் தெரியும். மேல சன்னலைத் திறந்து வெச்சிருந்தேன். நானும் அங்கதான் நின்னேன்."

டூரிட் எதிரே உட்கார்ந்தாள்.

"காலைலேருந்து அந்தக் கோட்டுலயே நிக்க வெச்சுட்டாங்க. காபிய மட்டும் குடு குடுன்னு குடுத்தாங்க. எங்கயும் போக விடல, வெளிச்சம் போயிடுமாம். கடைசில அந்தப் பொண்ணைப் பாத்து இவன் சொல்றான்." பெர்ன்ட் தொண்டையைச் செருமினார். "'அம்மா, தயவுசெஞ்சு முடிங்க, எனக்கு ஒண்ணுக்கு வருது'ன்னான்."

டூரிட் அவரையே பார்த்தாள். அந்தப் புருவம். வலியைப் பொறுத்துக்கொள்கிற கண்கள். படத்தின் உயிர்.

"அதைத்தான் எடுத்து வெச்சிருக்காங்க" என்றாள்.

"அதையேதான். பாவம், அந்தப் பொண்ணு இயக்குநருக்கு முகம் பிடிச்சிருந்திருக்கு. சத்தத்தை மாத்திட்டாங்க. அவன்கிட்ட மறுபடி பேசி வாங்கலாம்னு பாத்தப்போ..." பெர்ன்ட் ஹால்வோரின் நாற்காலியைப் பார்த்தார்.

டூரிட்டுக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றிலிருந்து வந்த சிரிப்பு இல்லை; தொண்டையில் எங்கேயோ மாட்டிக்கொண்டு வெளியே வந்த ஒரு சத்தம். பெர்ன்ட் பயந்துபோய்ப் பார்த்தார்.

"அவன் சொன்ன மாதிரியே சொல்லுங்க" என்றாள்.

"என்னத்தை?"

"அவன் குரல்ல."

பெரிய கேப்டன், மீசை நரைத்தவர், பேரன் பேத்தி எடுத்தவர், சமையலறை மேசையில் நிமிர்ந்து உட்கார்ந்து, குரலைக் கீச்சாக்கி, "எனக்கு ஒண்ணுக்கு வருது" என்றார். முகம் சிவந்துவிட்டது.

"இன்னும் கொஞ்சம் மேல போகணும்."

"எனக்கு ஒண்ணுக்கு வருது!"

"மூக்குல பட்டு வரணும்."

பெர்ன்ட் மூக்கைச் சுளித்துக்கொண்டு மறுபடி சொன்னார். கிட்டத்தட்ட அதுதான். முழுக்க அது இல்லை. ஆனால் அந்தச் சமையலறையில் பிப்ரவரிக்குப் பிறகு அவ்வளவு பக்கத்தில் வந்தது அதுதான். டூரிட் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கண்ணீர் வரவில்லை. பெர்ன்ட்டுக்குத்தான் வந்தது. அவர் துடைத்துக்கொண்டு, மீன் கெட்டுப்போகும், எடுத்து உள்ளே வை என்றார்.

அதற்குப் பிறகு ஊரில் மறுபடியும் வணக்கம் சொல்ல ஆரம்பித்தார்கள். பெர்ன்ட் யாரிடம் என்ன சொன்னாரோ தெரியாது. 'நம்ம படம்' ஊரை விட்டுப் போனது. நவம்பரில் சகல ஆன்மாக்களின் ஞாயிறன்று, அந்த வருஷம் இறந்தவர்களின் பெயர்களைப் பாதிரியார் வாசித்தபோது, ஹால்வோரின் பெயரும் வந்தது. டூரிட் எழுந்துபோய் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள். சூடு விரலில் பட்டது, விரலை இழுத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து தூங்கினாள்.

மூன்றுகள் தொடர்ந்தன. ஆனால் டிசம்பரில் ஒரு கிறிஸ்துமஸ் படம் வந்தது. பேசுகிற கலைமான், தொலைந்துபோன பரிசு, பனியில் பாட்டு. டூரிட் அதைப் பிள்ளைகளின் கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து எழுதினாள்: "இந்தக் கலைமானுக்குக் குழந்தைகள் எல்லாரும் முட்டாள்கள் என்ற எண்ணம். பக்கத்தில் இருந்த சிறுமி பாதியில் தன் கையுறையோடு விளையாட ஆரம்பித்தாள். கையுறை இதைவிட நன்றாக நடித்தது. ஒன்று."

வெள்ளிக்கிழமை மத்தியானமே ஒட்வாரின் போன் வந்தது. அவள் உருளைக்கிழங்கை அடுப்பில் வைத்திருந்தாள்.

"ஒண்ணா? கிறிஸ்துமஸ் நேரத்துல, பிள்ளைங்க படத்துக்கு, ஒண்ணா?"

"ஒண்ணுக்குக் கீழ பகடையில முகம் இல்லையே."

"இந்த ஒரு படத்தை வெச்சுத்தான் நான் மாசத்தை ஓட்டணும், தெரியுமா உனக்கு? மூணு போடேன்! வருஷம் முழுக்க அதைத்தானே போட்டே!"

"பாத்தியா நீ அந்தப் படத்தை? உக்காந்து முழுசாப் பாத்தியா?"

"நான்தானே ஓட்டினேன்!"

"ஓட்டறது வேற, பாக்கறது வேற. அந்தக் கலைமான் பாட ஆரம்பிச்சதும் நீ வெளிய போய் நின்னே. நான் பாத்தேன். ஏன் போனே? சொல்லு, ஏன் போனே?"

"அது... காத்து வாங்கப் போனேன்."

"காத்து வாங்க! பொய்யி. அந்தப் பாட்டைக் காது குடுத்துக் கேக்க முடியாமப் போனே. ஒரு குழந்தையை அதுக்கு முன்னாடி உக்கார வெச்சுட்டு நீ மட்டும் தப்பிச்சுட்டே."

அவன் ஏதோ சொன்னான், அவள் அதை வெட்டினாள். அவள் சொன்னதை அவன் வெட்டினான். இரண்டாவது பாட்டு தேவையா இல்லையா என்பதில் தொடங்கி, முப்பது வருஷத்துக்கு முன்னால் அவள் ஆறு போட்ட ஒரு படத்துக்குப் போய், அங்கிருந்து ஒட்வாரின் பாப்கார்னில் உப்பு எப்போதும் அதிகம் என்பதுவரை போனது. டூரிட்டின் குரல் உயர்ந்தது. கன்னம் சூடாகியிருந்தது. தண்ணீர் வற்றி, அடியில் பிடித்துப் புகை கிளம்பிய பிறகுதான் போனை வைத்தாள்.

மேலே இருந்த உருளைக்கிழங்குகள் சாப்பிடுகிற மாதிரிதான் இருந்தன. வெண்ணெய் போட்டு, நின்றபடியே சாப்பிட்டாள். பாத்திரத்தை மூன்று நாள் ஊறவைத்தும் கரி போகவில்லை.